டிரம்பெட் கற்க எந்தப் புத்தகம் வாங்குவது?

போன வாரம் அண்ணாச்சி போன் செய்தார். பாளையங்கோட்டையில் நாங்கள் இருந்த பேண்டு செட்டில் முதல் டிரம்பெட் வாசித்தவர் அவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். இப்போது 77 நடக்கிறது.

"தம்பி, பேரன் டிரம்பெட் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கான். அவங்க அப்பன் ஒண்ணு வாங்கியும் குடுத்துட்டான். எந்தப் புஸ்தகம் வாங்கணும்னு உங்கிட்ட கேக்கச் சொல்லுதான். நீதான அந்தக் காலத்துல புஸ்தகத்தக் கையில வச்சுக்கிட்டு அலைஞ்சவன்."

கேலியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கேள்வியை நான்கைந்து பேரிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "புத்தகமெல்லாம் எதற்கு சார், எல்லாம் போனிலேயே இருக்கிறதே" என்பார்கள் இளையவர்கள். "நம்ம நாதஸ்வர வித்வான்கள் எந்தப் புத்தகத்தைப் பார்த்துப் படித்தார்கள்?" என்பார்கள் நம் வயதுக்காரர்கள். இரண்டு பேரும் வேண்டாம் என்பது புத்தகத்தைத்தான். எனக்கு அதில் சம்மதமில்லை. பித்தளை வாத்தியம் கற்கும் பிள்ளைக்குப் புத்தகம் கட்டாயம் வேண்டும். ஆனால் புத்தகம் மட்டும் போதாது. இந்த இரண்டையும் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

1966-ல் எனக்கு 15 வயது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி மாஸ்டர் வீடு. ராணுவ பேண்டில் வாசித்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர். மாப்பிள்ளை அழைப்பு, கோயில் கொடை, சப்பரப் பவனி, சில நேரம் சாவு வீடு என்று எல்லாவற்றுக்கும் போகிற பேண்டு செட் ஒன்றை நடத்தினார். சாயங்காலம் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். எனக்குக் கிடைத்தது ஒரு பழைய கார்னெட். மீரட்டில் செய்தது. வடநாட்டில் பேண்டு வாத்தியம் என்றால் மீரட்தான். இன்றைக்கும் அங்கேதான் அடிக்கிறார்கள். அதன் நடுப் பிஸ்டன் அடிக்கடி மாட்டிக்கொள்ளும். எண்ணெய் விட்டு விட்டு வாசிப்பேன்.

மாஸ்டரிடம் ஒரு புத்தகம் இருந்தது. அட்டை போய், முருகன் படக் காலண்டர் தாளில் உறை போட்டிருப்பார். சுமார் 350 பக்கம். முதல் வருடம் முழுவதும் அதை யார் கையிலும் கொடுக்கவில்லை. எட்டிப் பார்த்தால், "ஏலே, முதல்ல உதடு படிக்கட்டும், அப்புறம் கண்ணு படிக்கலாம்" என்பார். முதல் மாதம் மவுத்பீஸ் மட்டும்தான். அதை உதட்டில் வைத்து வண்டு மாதிரி சத்தம் வரவைக்க வேண்டும். வீட்டில் அம்மா, "இதுக்கா சாயங்காலம் சாயங்காலம் போறே?" என்று கேட்டாள்.

அந்தப் புத்தகம் ஆர்பன் எழுதியது என்பது பிறகுதான் தெரிந்தது. ஜான் பாப்டிஸ்ட் ஆர்பன், பிரான்ஸில் லியோன் நகரத்தில் 1825-ல் பிறந்தவர். கார்னெட் வித்வான். பாரிஸ் கன்சர்வடாரில் ஆசிரியராக இருந்தவர். 1864-ல் இந்தப் புத்தகத்தை வெளியிட்டார். அப்போது பிஸ்டன் வைத்த வாத்தியமே புதுச் சரக்கு. ஜெர்மனியில் பிஸ்டன் கண்டுபிடித்து ஐம்பது வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு டிரம்பெட் என்பது நம் என்.சி.சி. பியூகிள் மாதிரி வெறும் குழாய். ச, ப, மேல் ச, மேல் க, அதற்கு மேல் ப என்று சில ஸ்வரங்கள்தான் எளிதாக வரும். இடையில் உள்ளவை வர வேண்டுமானால் எட்டாத உயரத்துக்குப் போக வேண்டும். பிஸ்டன் வந்ததும் கீழேயே எல்லா ஸ்வரமும் வந்துவிட்டது. ஆனாலும் கார்னெட்டைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தார்கள். வயலினில் வாசிப்பதை இதிலும் வாசிக்கலாம் என்று ஆர்பன் வாசித்துக் காட்டினார். அதோடு விடாமல், எப்படி வாசிப்பது என்று படிப்படியாக எழுதியும் வைத்தார். 160 வருடம் கழித்தும் உலகத்தில் டிரம்பெட் வாசிப்பவர்கள் அதைப் பைபிள் என்றே சொல்கிறார்கள்.

அதில் என்ன இருக்கிறது? முதலில் ஒரே ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவது. பிறகு தாளம் மாற்றி மாற்றி ஊதுவது, ஸ்வரத்தை ஒன்றோடொன்று இழைப்பது, ஸ்கேல்கள், கமகம் மாதிரியான அலங்காரங்கள், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது, வேகமாக நாக்கு போடுவது. அதற்குப் பிறகு 150 பாட்டு மெட்டுகள். இரண்டு பேர் சேர்ந்து வாசிக்க 68 பாடங்கள். கடைசியில் 14 பெரிய பாடங்களும் 12 கச்சேரி உருப்படிகளும். அந்தக் கடைசி உருப்படிகளில்தான் 'வெனிஸ் திருவிழா' என்ற பேர்போன மெட்டு இருக்கிறது.

புத்தகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். பேண்டுக்காரர்கள் பேச்சில் 'நாக்கு அடி' என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு ஸ்வரத்தையும் பிரித்துக் காட்ட 'து து' என்று நாக்கை உபயோகிப்பது. 'அடி' என்று சொன்னதால் நாங்கள் எல்லோரும் ஓங்கி அடித்தோம். சத்தம் ஆணி அறைந்த மாதிரி வந்தது. ஆர்பன் என்ன சொல்கிறார் என்றால், நாக்கின் அடி என்பது வெறும் வழக்குச் சொல். நாக்கு உண்மையில் எதையும் அடிப்பதில்லை. அது பின்னால்தான் போகிறது. காற்றை அடைத்து நிற்கும் கதவு திறப்பதைப் போல என்கிறார். இதை வாசித்த அன்றைக்கு என் வாசிப்பு பாதி மாறிவிட்டது. மாஸ்டருக்கும் இது தெரியும். அவர் நாக்கு அப்படித்தான் வேலை செய்தது. ஆனால் அதைச் சொல்லத் தெரியவில்லை. நன்றாக வாசிக்கத் தெரிந்த எல்லோருக்கும் அதை வாயால் சொல்லத் தெரிவதில்லை. சொல்லத் தெரிந்த ஒருவர் எழுதி வைத்தால் அடுத்தவர்களுக்கு எவ்வளவு காலம் மிச்சம்!

வேகமாக வாசிக்கும்போது 'து கு து கு', மூன்று மூன்றாக வரும்போது 'து து கு' என்று சொல்லிப் பழக வேண்டும் என்று அதே புத்தகத்தில் இருக்கிறது. நம் மிருதங்கக்காரர்கள் கையால் வாசிப்பதற்கு முன் வாயால் சொல்லுக்கட்டு சொல்வார்களே, அதேதான். இதை மட்டும் நாங்கள் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டோம்.

இரண்டாவது வருடம் மாஸ்டர் எனக்கு நோட்ஸ் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். நான் கணக்கில் கொஞ்சம் கெட்டி என்பதால் சீக்கிரம் வந்துவிட்டது. புத்தகத்தைச் சனிக்கிழமை வாங்கிப் போய்த் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். ஜெராக்ஸ் இல்லாத காலம். ஐந்து கோடு போட்டு, ஒவ்வொரு முட்டையாக வரைந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாடம் என்று பிரதி எடுத்தேன். மூன்று நோட்டு நிறைந்தது. அந்த நோட்டுகளை நான் எங்கே போனாலும் கொண்டுபோவேன். இதைத்தான் அண்ணாச்சி கேலி செய்கிறார்.

இனி, எனக்குச் சுருக்கென்ற விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணாச்சிக்கு நோட்ஸ் தெரியாது. ஆனால் காது அபாரமான காது. ரேடியோவில் ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்டால் மூன்றாவது தடவை கூடவே ஊதுவார். சப்பரம் தெரு திரும்பும் இடத்தில் அவர் ஊதினால் திண்ணையில் இருப்பவர்கள் எழுந்து வந்து பார்ப்பார்கள். ஒருநாள் என்னிடம், "தம்பி, அந்த நோட்ஸ் பாக்கியத எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன்" என்று கேட்டார். "உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி? ஒரு தடவ கேட்டா வாசிச்சிருவீங்களே" என்றேன்.

கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கும். நிஜம் அதுவல்ல. வாசிப்பில் அவர் கால் தூசிக்கு நான் வரமாட்டேன். அவரிடம் இல்லாமல் என்னிடம் இருந்தது அந்த மூன்று நோட்டுதான். அதையும் பங்கு போட எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

1971-ல் ஓர் அரசு பேண்டுக்கு ஆள் எடுத்தார்கள். சம்பளம், பென்ஷன், சீருடை எல்லாம் உண்டு. நாங்கள் இரண்டு பேரும் மனுப் போட்டோம். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எனக்கு ஒரு ஆசை வந்தது. போய் 'வெனிஸ் திருவிழா' வாசித்து எல்லோரையும் அசத்த வேண்டும் என்று. புத்தகத்தின் கடைசியில் இருப்பதை, நடுப்பக்கம்கூடத் தாண்டாதவன் எடுத்தேன். மாஸ்டர் கண்டிப்பார் என்று அவருக்குத் தெரியாமல் ஆற்றங்கரையில் போய் தினமும் ஐந்து மணி நேரம் ஊதினேன். மேல் ஸ்வரம் வராதபோதெல்லாம் மவுத்பீஸை உதட்டில் வைத்து அழுத்தினேன். பத்தாவது நாள் மேல் உதடு உள்பக்கம் பல்லில் பட்டுக் கிழிந்து ரத்தம் வந்தது.

இப்போது யோசித்தால் தெரிகிறது. அந்தப் புத்தகத்தில் பாடங்கள் ஏன் அந்த வரிசையில் இருக்கின்றன என்று எனக்குப் புரியவில்லை. உதட்டைச் சுற்றி வளையம் போல ஒரு தசை இருக்கிறது. அதற்குப் பலம் மெதுவாகத்தான் ஏறும். ஊதின நேரம் அளவுக்கு ஓய்வும் கொடுக்க வேண்டும் என்பது டிரம்பெட் ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வது. லூயி ஆர்ம்ஸ்ட்ராங் எவ்வளவு பெரிய மேதை! அவருக்கே உதடு கிழிந்து, மாதக்கணக்கில் வாசிக்க முடியாமல் இருந்திருக்கிறார். அந்தத் தசை கிழிவதற்கு டாக்டர்கள் அவருடைய செல்லப் பெயரையே வைத்து 'சாட்ச்மோ' நோய் என்கிறார்கள். அவருக்கே அப்படியென்றால் ஆற்றங்கரைப் பையன் எம்மாத்திரம்?

தேர்வன்று அண்ணாச்சி முதலில் போனார். சொந்தமாக ஒன்று வாசிக்கச் சொன்னார்கள். ஒரு மார்ச் வாசித்தார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒரு தாளை முன்னால் வைத்தார்கள். பெரிய பாடமில்லை, பதினாறு பார். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, யாராவது ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க, அப்படியே வாசிச்சிருதேன்" என்றார். உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனிதர். வருத்தத்தோடுதான் சொன்னார், "இது அந்த மாதிரி இல்லப்பா" என்று.

அடுத்து நான். தாளைப் பார்த்ததும் எல்லாம் புரிந்தது. ஆனால் ப-வுக்கு மேல் சத்தமே வரவில்லை. காற்றுதான் வந்தது.

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். "நீயாவது வாசிச்சியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு 1973-ல் தொலைபேசித் துறையில் வேலை கிடைத்தது. அவர் முன்பல் விழும்வரை, ஏறத்தாழ நாற்பது வருடம், முகூர்த்த மாதத்தில் காசு, ஆடியிலும் மார்கழியிலும் கடன் என்று கல்யாண பேண்டிலேயே காலத்தைத் தள்ளினார்.

அவர் வாழ்க்கையை நான் கெடுத்தேன் என்று சொல்லவில்லை. நான் நோட்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தாலும் வேலை கிடைத்திருக்குமா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் கையில் இருந்ததை நான் கொடுக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு அவர் பேரனுக்கு என்ன புத்தகம் என்ற கேள்விக்கு இத்தனை நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

நாதஸ்வரக்காரர்கள் புத்தகம் பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் குரு வீட்டிலேயே பல வருடம் கிடந்தார்கள். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை காதில் விழுந்துகொண்டே இருந்தது. பேண்டு செட்டில் சேரும் பையனுக்கு அப்படியா? வாரத்துக்கு மூன்று சாயங்காலம், அதுவும் சீசன் வந்தால் கிடையாது. குரு கூடவே இல்லாத நேரத்துக்கு அவனுக்கு ஏதாவது துணை வேண்டும்.

போன் வீடியோவைப் பற்றியும் குறை சொல்ல விரும்பவில்லை. நல்ல வாசிப்பு எப்படி இருக்கும் என்று கேட்பதற்கு நம் காலத்தில் வழியே இல்லை. இன்றைய பிள்ளைகள் பாக்கியசாலிகள். ஆனால் வீடியோவில் விரல் தெரியும், மவுத்பீஸுக்குள் இருக்கும் உதடு தெரியாது. அதைவிட முக்கியம், பையன் தனக்குப் பிடித்த இடத்தைத் தானே பொறுக்கிக்கொள்வான். இன்று இதைப் பார், நாளைக்கு அதைப் பார் என்று போய்விடும். நான் புத்தகத்தையே வீடியோ மாதிரி கடைசியிலிருந்து புரட்டியவன். அதனால் சொல்கிறேன்.

சரி, எந்தப் புத்தகம்?

எடுத்தவுடன் ஆர்பன் வேண்டாம். பத்து, பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது மலைப்பாக இருக்கும். அமெரிக்கப் பள்ளிகளில் புழங்கும் 'எசென்ஷியல் எலிமென்ட்ஸ்' முதல் புத்தகம் நல்லது. ஐந்து ஸ்வரத்தில் தொடங்கி, சின்னச் சின்னப் பாட்டாகப் போகும். கூட வாசிப்பதற்குப் பின்னணி இசையும் கிடைக்கும். பால் ஹெர்ஃபர்ட் எழுதிய 'எ டியூன் எ டே' அதைவிடப் பழையது. தினம் ஒரு பாட்டு என்ற பெயரே பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இரண்டில் ஒன்று போதும்.

இரண்டாவது வருடம் ஆர்பன். முழுப் புத்தகமும் அல்ல, ஆசிரியர் குறித்துக் கொடுக்கும் பக்கம் மட்டும். இதற்குப் பணம்கூட வேண்டாம். காப்புரிமை முடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகத்தில் பழைய பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் போட்டுக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முட்டை வரைந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதோடு ஹெர்பர்ட் கிளார்க் எழுதிய 'டெக்னிக்கல் ஸ்டடீஸ்', 1912-ல் வந்தது. இவர் அமெரிக்காவில் சூசாவின் பேண்டில் கார்னெட் சோலோ வாசித்தவர். இவருடைய பாடங்களை மிக மெல்லிய சத்தத்தில், ஒரே மூச்சில் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். ஓங்கி ஊதுவதுதான் டிரம்பெட் என்று நினைக்கும் நம் ஊர்ப் பையன்களுக்கு இது நல்ல மருந்து. பக்கத்து வீட்டுக்காரரும் சண்டைக்கு வரமாட்டார்.

டிராம்போன் எடுக்கும் பிள்ளை இருந்தால் ரோஷூ தொகுத்த 'மெலோடியஸ் எடூட்ஸ்', 1928. போர்டோன்யி என்ற இத்தாலியப் பாடகர் தம் மாணவர்கள் பாடிப் பழக எழுதியவற்றை டிராம்போனுக்கு மாற்றிக் கொடுத்த புத்தகம். வாய்ப்பாட்டுப் படித்தவன்தான் வாத்தியத்தில் பாட முடியும் என்று நம் பெரியவர்களும் சொல்வார்களே, அந்த வழி.

கொஞ்சம் வளர்ந்தபின் படிக்க வேண்டியது பிலிப் ஃபார்க்காஸ் எழுதிய 'தி ஆர்ட் ஆஃப் பிராஸ் பிளேயிங்', 1962. அவர் சிகாகோ சிம்பனியில் ஹார்ன் வாசித்தவர். உதட்டை எப்படி வைப்பது என்பதைப் படம் போட்டு விளக்குகிறார். ஆனால் ஓர் எச்சரிக்கை. மவுத்பீஸில் மூன்றில் ஒரு பங்கு மேல் உதட்டிலும் இரண்டு பங்கு கீழ் உதட்டிலும் இருக்கட்டும், நான் அப்படித்தான் வைக்கிறேன் என்று ஆர்பன் எழுதுகிறார். ஹார்னுக்கு மேல் உதட்டில் இரண்டு பங்கு என்கிறார் ஃபார்க்காஸ். யார் சொல்வது சரி? இரண்டும் சரிதான். வாத்தியம் வேறு, வாய் வேறு, பல் வரிசை வேறு. இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடிவிட்டு, எதிரில் உட்கார்ந்து பையன் வாயைப் பார்க்கும் ஒரு மனிதரிடம் போக வேண்டும்.

இத்தனை புத்தகத்தையும் அடுக்கிவிட்டுப் பார்த்தால் ஒரு குறை மனதை அரிக்கிறது. எல்லாம் ஆங்கிலம். தமிழில் பித்தளை வாத்தியம் கற்றுக்கொடுக்கும் புத்தகம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. எத்தனை ஊரில் பேண்டு செட், எத்தனை கோயில், எத்தனை சபை! அந்தப் பையன்களில் ஆங்கிலம் சரளமாகப் படிப்பவர்கள் எத்தனை பேர்?

வாயால் வந்த கலையை எழுதி வைப்பது நமக்குப் புதிதுமல்ல. முத்துசுவாமி தீட்சிதர் நம் எட்டயபுரத்தில்தான் காலமானார். சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் செய்து 'நொட்டுஸ்வரம்' என்று கொடுத்தவர் அவர். இங்கிலாந்து ராஜ கீத மெட்டும் அதில் உண்டு. அவர் பரம்பரைச் சொத்தையெல்லாம் சுப்பராம தீட்சிதர் அதே எட்டயபுரத்திலிருந்து 1904-ல் தெலுங்கில் பெரும் புத்தகமாக அச்சிட்டார். அவரை அதற்குத் தூண்டியவர்களில் முக்கியமானவர் சென்னை சின்னசாமி முதலியார். 1893-லேயே நம் கீர்த்தனைகளை ஐந்து கோட்டு நொட்டேஷனில் அச்சிட்டவர் அவர். எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்தது. பேண்டுக்காரனுக்கு அப்படி ஒருவரும் வரவில்லை.

என்னால் ஆனதை நான் தொடங்கியிருக்கிறேன். டிரம்பெட்டின் மூன்று பிஸ்டனுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். எதையும் அழுத்தாவிட்டால் 0. சங்கராபரணம் இப்படி வரும்: ச 0, ரி 1-3, க 1-2, ம 1, ப 0, த 1-2, நி 2, மேல் ச 0. ச-வுக்கும் ப-வுக்கும் ஒரே 0 தான். பிரிப்பது உதடும் காற்றும். 1-3 சேரும் ரி கொஞ்சம் தூக்கலாக நிற்கும். நல்ல டிரம்பெட்டில் மூன்றாம் குழாயில் விரல் வளையம் வைத்திருப்பது அதை இழுத்துச் சரி செய்யத்தான். டிரம்பெட்டின் ச நம் கணக்கில் ஆறரைக் கட்டை. ஹார்மோனியக்காரர் ஒரு கட்டையில் பாடினால் நாம் ரி-யை ச-வாக வைத்துக்கொள்ள வேண்டும். இதை ஆங்கிலப் புத்தகம் ஒரு பக்கம் விளக்கும். கட்டை தெரிந்த நம் ஊர்ப் பையனுக்கு ஒரு வரி போதும்.

மாஸ்டரும் இப்படி ஒன்று எழுதினார். நீளமான கணக்கு நோட்டு. எந்த வாத்தியத்துக்கு எந்த விரல், எந்த ஊர்வலத்துக்கு எந்த மார்ச், உதடு வீங்கினால் என்ன செய்வது எல்லாம் தமிழில். நான் வேலைக்குப் போனபின் பார்க்கவில்லை. அவர் காலமாகிப் பல வருடம் கழித்து அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டேன். வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஆர்பன் புத்தகமும் சேர்ந்து போயிருந்தது. ஆர்பன் திரும்பக் கிடைத்துவிட்டார். மாஸ்டர் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி பேரனோடு வீட்டுக்கு வந்தார். பையனுக்கு 12 வயது. பல் வரிசை நன்றாக இருக்கிறது. ஒரு வருடம் ஆர்பனைத் திறக்கக் கூடாது என்று சொல்லி ஸ்பைரல் போட்ட பிரதியை அண்ணாச்சி கையிலேயே கொடுத்தேன். அவன் மாடியில் மவுத்பீஸை வைத்து வண்டு ஓட்டிக்கொண்டிருந்தபோது, 1971-ல் நான் ஏன் நோட்ஸ் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதை அவரிடம் சொன்னேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்லா தம்பி" என்றார். காபியைக் குடித்தார். பிறகு நான் எழுதி வைத்திருந்த தாளை இழுத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"த-வுக்கு 1-2 போட்டிருக்க. சரிதான். ஆனா வேகமா வரும்போது ரெண்டு விரலப் போட்டு அடிக்காண்டாம். மூணாவது ஒண்ணே போதும். சத்தம் ஒரு நூல் இறங்கும், ஓட்டத்துல தெரியாது. சப்பரத்துல நான் அப்படித்தான் வாசிச்சேன்."

அதையும் எழுதிக்கொண்டேன்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன பேண்டு நோட்டு ஏதாவது இருந்தால் தயவுசெய்து பேப்பர்காரரிடம் போடாதீர்கள். ஒருமுறை எனக்குக் காட்டுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். பேண்டில் வாசித்த பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் போய் உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புங்கள். முன்பல் போனாலும் அவர்களால் சொல்ல முடியும்.